அயல்நாடாகக் கருதப்பட்ட நிலம்

முள்ளன்விளைத் தேரியில் வெண்பனி பெய்யத் தொடங்கியது ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு. அந்த நேரத்தில் சுற்றுச்சுவருக்கு வெளியே வெயில் முப்பத்தாறு டிகிரியில் நின்றது. சுவருக்கு உள்ளே முதல் பனித்துகள் தையல்கூடத்தின் தகரக் கூரைமேல் இறங்கி, கரையலாமா வேண்டாமா என்று சற்று யோசித்து, கரையாமல் உட்கார்ந்துகொண்டது. அதன்மேல் இரண்டாவது வந்து உட்கார்ந்தது, மூன்றாவது வந்தது, பிறகு எண்ண முடியாமல் போயிற்று.

சுவரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பனி கடைசிவரை அந்தச் சுவரைத் தாண்டவே இல்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே, ஒரு காற்றுக்கு மேடு பள்ளமாகவும் மறு காற்றுக்குப் பள்ளம் மேடாகவும் மாறிவிடுகிற தேரி என்னும் சிவப்பு மணல் காட்டில், உடைமரமும் பனையும் தவிர வேறெதுவும் தானாக வராத முந்நூறு ஏக்கரை அரசாங்கம் எடுத்து, எட்டடி உயரத்துக்குச் சுவர் கட்டி, ஒரே ஒரு வாசல் வைத்து, அதற்குச் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று பெயர் கொடுத்தது. ஊர்க்காரர்கள் அதை ஜோன் என்றார்கள். வெளிநாட்டிலிருந்து துணியும் பஞ்சும் ஜிப்பும் வரி இல்லாமல் அந்த வாசலுக்குள் போகலாம். உள்ளே தைத்து முடித்ததும் வரி இல்லாமல் கப்பலேறலாம். பதினேழு அலுவலகங்களில் பதினேழு படிக்கட்டு ஏறி வாங்க வேண்டிய அனுமதிகளை உள்ளே ஒரே மேசையில் வாங்கிவிடலாம். ஆனால் உள்ளே இருக்கிற ஒரு பொருள் வாசலைத் தாண்டி ஊர்ப்பக்கம் வந்தால், அது ஒரு குண்டூசியாக இருந்தாலும், கடல் கடந்து வந்த இறக்குமதிதான். அதற்குத் தாள் வேண்டும். ஒரு நாடு தன் கதவுகளை எல்லாம் ஒரே நாளில் திறந்துவிடத் தயங்கும்போது, ஒரு சன்னலை மட்டும் திறந்துவைத்து, காற்று எப்படி வருகிறது என்று பார்க்கும். முள்ளன்விளை அப்படித் திறந்துவைத்த சன்னல்.

அந்தச் சன்னல் வழியாக முதலில் வந்தவர் திருப்பூர் நாச்சிமுத்து. தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் போட்டு, இருநூற்றெண்பது தையல் எந்திரங்களை இறக்கி, உலகத்தின் வடக்கு ஓரத்தில் வருடத்துக்கு ஆறு மாதம் பனி பெய்கிற ஒரு நாட்டுக்குக் குளிர்கோட்டு தைக்கத் தொடங்கினார். எந்திரங்களுக்குப் பின்னால் உட்கார வந்தவர்கள் அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்கள். அதுவரை அவர்கள் உப்பளத்தில் உப்பு வாரியவர்கள். உப்புநீரில் நின்று நின்று பாதம் வெடித்து, வெயில் தரையிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரேநேரத்தில் அடிக்க, மதியத்துக்குள் கண் கூசிப்போய் வீடு திரும்பியவர்கள். இப்போது அவர்கள் கம்பெனிப் பேருந்தில் வந்தார்கள், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்கள், ஒன்றாம் தேதி வங்கியில் சம்பளம் எடுத்தார்கள். எட்டே மாதத்தில் பாதங்கள் ஆறிவிட்டன.

அவர்களில் தலைமைத் தையல்காரி சுடலைவடிவு. அவள் உடம்பு நடுத்தர அளவுக்குச் சரியாகப் பொருந்தியதால், ஒவ்வொரு மாதிரிக் கோட்டையும் அவள் போட்டுப் பார்த்து “சரி” என்ற பிறகுதான் துணிமேல் கத்தரி ஓடும். வாங்குகிற கம்பெனி ஒரு படமும் துணியும் உடம்பளவும் அனுப்பி, வெட்டும் தையலும் உங்கள் பொறுப்பு என்று விட்டிருந்தது. வடிவு போட்டுப் பார்த்தாள், அங்கங்கே திருத்தினாள், சரி என்றாள். மூவாயிரம் கோட்டுகள் கப்பலேறின.

மூவாயிரமும் திரும்பி வந்தன. கூடவே ஒரு கடிதம். நாச்சிமுத்து அதைச் சாப்பாட்டுக் கூடத்தில் நின்று படித்துச் சொன்னார். தையல் நேர்த்தியாக இருக்கிறதாம். ஆனால் கோட்டுக்குள் குளிர் வருகிறதாம். ஆறு வாரத்தில் அவர்களுடைய ஆய்வாளர் நேரில் வருவாராம். அப்போது சரியாக இருந்தால் ஆர்டர் இங்கே, இல்லாவிட்டால் வேறு நாட்டுக்கு.

“குளிரு வருதுன்னு எழுதியிருக்காங்க அம்மணி. எந்த வழியா வருதுன்னு எழுதலீங்களே” என்றார்.

“தண்ணி ஊத்திப் பாத்தோமே முதலாளி, ஒரு சொட்டு ஒழுகலையே” என்றாள் வடிவு.

“தண்ணி வேற, குளிரு வேற போல இருக்குதுங்க.”

“குளிருன்னா எப்படிக்கா இருக்கும்?” என்று கேட்டாள் ஜெபக்கனி. தையல்கூடத்திலேயே இளையவள், ஜிப்பு வைப்பது அவள் வேலை.

“மார்கழி மாசம் விடிய முன்ன எந்திரிச்சா இருக்கும்லா, அது.”

“அதுக்கு ஒரு துண்டு போதுமே. இவ்வளவு பெரிய கோட்டு என்னத்துக்கு?”

குளிர் எதுவென்று தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. முந்நூறு ஏக்கரில் இருந்தது இந்த ஒரு கம்பெனிதான். ஒரு குடைக் கம்பெனியும் ஒரு காலணிக் கம்பெனியும் தூரத்தில் நின்று, முதல் ஆள் பிழைக்கிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தன. நாச்சிமுத்து மூடினால் சுவர் மட்டும்தான் மிஞ்சும். இருநூற்றெண்பது பேரும் மறுபடியும் உப்பளத்தில் இறங்க வேண்டும்.

வடிவு மறுநாளே கோட்டை எடுத்துக்கொண்டு தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனாள். அங்கே ஐஸ் கம்பெனிக்காரரிடம் கேட்டு, ஐஸ் பாளங்களுக்கு நடுவே கோட்டைப் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் நின்றாள். அந்தக் குளிர் அசையாமல் நிற்கிற குளிர். அது கோட்டுக்குள் வர முயற்சியே செய்யவில்லை. மீன் வாடை மட்டும்தான் வந்தது. திரும்பி வந்து, மின்விசிறிக்கு முன்னால் ஐஸ் வைத்து நின்று பார்த்தாள், இருமல் வந்தது. அதற்குமேல் என்ன செய்வது என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த வாரத்தில்தான் வாசலில் புதிய பலகை வந்தது. வாசலைப் பார்த்துக்கொண்ட சுங்க அதிகாரி திருஞானம், எழுதப்பட்ட எதையும் எழுதப்பட்டபடியே எடுத்துக்கொள்கிற மனிதர். லாரி ஓட்டுநர்கள் தினமும் “நம்ம ஊருக்குள்ள போறதுக்கு எதுக்கு சார் தாளு?” என்று கேட்டதால், விதியில் உள்ளதைப் பெரிய எழுத்தில் எழுதவைத்தார்: இந்த வாசலுக்கு உள்ளே உள்ள நிலம், சுங்க வரிக் காரியங்களுக்கு அயல்நாடாகக் கருதப்படும். பெயிண்ட் புதன்கிழமை காய்ந்தது. மனிதர்கள் அதைப் படித்துவிட்டுப் போனார்கள். நிலத்துக்கு மட்டும், அதுவரை யாரும் தன்னைப் பற்றி எதையும் எழுதி வைத்ததில்லை என்பதால், பலகையில் இருந்தது முழுக்க உண்மையாகத் தோன்றிவிட்டது என்று பின்னால் ஊரில் சொன்னார்கள். வேறு காரணத்தை யாரும் தேடவில்லை. கோட்டு போகிற அந்த வடக்கு ஓரத்து நாட்டில் அப்போது கோடை தொடங்கியிருந்ததால், அங்கத்திய பனிக்கும் வேறு வேலை இல்லை.

வியாழக்கிழமை காலை, தண்ணீர் குடிக்க வெளியே வந்த பூங்கனிதான் முதலில் பார்த்தாள்.

“ஏட்டி, யாரு மேல நின்னு உப்பக் கொட்டுதா?”

எல்லோரும் ஓடிவந்தார்கள். சிவப்பு மணல் கண்ணுக்கு முன்னால் வெளுத்துக்கொண்டிருந்தது. பூங்கனி உள்ளங்கையை நீட்டிப் பிடித்து, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“கரிக்கல யக்கா.”

“கரிக்காத உப்பு ஏதுட்டி?”

“சத்தியமாக் கரிக்கல. நீயே தின்னு பாரு.”

இருநூற்றெண்பது பேரும் கையை நீட்டினார்கள். உப்பை நாக்கால் தரம் பிரிக்கத் தெரிந்த இருநூற்றெண்பது நாக்குகள் ஒரே முடிவுக்கு வந்தன: இது உப்பில்லை. அது உறுதியானதும் அவர்களுடைய பாதிப் பயம் போய்விட்டது, ஏனென்றால் உப்பாக இருந்தால் அதை வார வேண்டியிருக்கும். மீதிப் பயம் மதியச் சாப்பாட்டுக்குள் போயிற்று. சாயங்காலம் பேருந்து வந்தபோது அவர்கள் பனியில் கால் புதைய நடந்து, வாசலைத் தாண்டி வெயிலில் ஏறி, வீட்டுக்குப் போய் “ஜோன்ல ஐஸு கொட்டுது” என்று சொல்லிவிட்டு, அரிசி களைந்தார்கள்.

மறுநாளும் பெய்தது, அதற்கு மறுநாளும் பெய்தது, ஞாயிற்றுக்கிழமை ஆளே இல்லாதபோதும் பெய்தது. முள்ளன்விளை அதற்குப் பழகிய விதத்தைப் பார்த்தால், முப்பாட்டன் காலத்திலிருந்து பனி பார்த்த ஊர் என்றே நினைக்கத் தோன்றும். சாயங்காலம் ஆண்கள் துண்டோடு வந்து சுவரின் வெளிப்பக்கத்தில் முதுகைச் சாய்த்து உட்கார இடம் பிடித்தார்கள். அந்தச் சுவர் பானைபோலக் குளிர்ந்திருந்தது. ஆடுகள் மத்தியானத்தில் அதன் நிழலை விட்டு நகர மறுத்தன. காக்கைகள் சுவர்மேல் உட்கார்ந்து, ஒரு பக்கம் சூடேறியதும் மறுபக்கம் திரும்பிக்கொண்டன. ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தி, துருவப் பிரதேசம் என்ற பாடத்தை அங்கேயே நடத்தி முடித்தார். உள்ளே இருந்து பெண்கள் பனியை உருட்டித் தங்கள் வீட்டுக்காரர்கள்மேல் எறிந்தார்கள். தாள் இல்லாமல் பொருள் எல்லை தாண்டுகிறதே என்று திருஞானம் பதறிப்போய் ஓடினார். ஆனால் ஒவ்வோர் உருண்டையும் சுவரின் நடுக்கோட்டைத் தாண்டும்போதே ஆவியாகிவிடுவதைக் கண்டு, எல்லையைத் தாண்டியபோது பொருளே இல்லை என்று தீர்மானித்து, நாற்காலிக்குத் திரும்பினார்.

வாசலுக்கு வெளியே டீக்கடை வைத்திருந்தவர் சுயம்புலிங்கம், பூங்கனியின் வீட்டுக்காரர். அவருடைய அப்பா வைத்த முப்பத்திரண்டு பனைகள் நின்ற இடம் இப்போது சுவருக்கு உள்ளே இருந்தது. நிலத்துக்குப் பணம் வந்தது. பனை ஏறிய கால்களுக்கு வேறு வேலை வரவில்லை என்பதால் டீக்கடை வைத்தார். பனியில் விறைத்து வெளியே வருகிறவர்களுக்குச் சுக்குக்காப்பியும், வெயிலில் வேர்த்து நிற்கிறவர்களுக்குப் பதநீருமாக, ஒரே பெஞ்சில் இரண்டு பருவத்துக்கும் வியாபாரம் நடந்தது. அந்தப் பதநீரில் போட இரண்டு பிடி பனி கிடைத்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கு ஒரு நாள் தோன்றியது. அன்று சாயங்காலம் பூங்கனி டிபன் பாக்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“அதில் என்னம்மா?” என்றார் திருஞானம்.

“சோறு சார். மிஞ்சிருச்சு.”

“சோறு இப்படிப் புகையுமா?”

மூடியின் ஓரத்திலிருந்து வெள்ளைப் புகை இறங்கிக்கொண்டிருந்தது. பூங்கனி திறந்து காட்டினாள். திருஞானம் அதட்டவில்லை. மேசைக்குப் போய், தலையணைபோல் கனத்த வரிப் புத்தகத்தை எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டினார். வெளியே சுயம்பு பொறுமையில்லாமல் நின்றார்.

“சார்வாள், அந்த ஐஸு விழுத எடம் எங்க அப்பா பனை வச்ச எடமாக்கும். ரெண்டு கைப்பிடி தரக்கூடாதா?”

“தரக்கூடாது என்று யார் சொன்னது? எந்தத் தலைப்பில் தருவது என்று பார்க்கிறேன்.”

இருபத்திரண்டாம் அத்தியாயத்தின் முதல் தலைப்பில் அவர் விரல் நின்றது. அங்கே தண்ணீர் இருந்தது; தண்ணீருக்குப் பக்கத்தில் பனிக்கட்டி இருந்தது; பனிக்கட்டிக்குப் பக்கத்தில் வெண்பனியும் இருந்தது. உலகத்தில் ஒருவர் இன்னொருவருக்கு விற்கக்கூடிய எல்லாவற்றையும் உட்கார்ந்து வரிசைப்படுத்திய யாரோ சிலர், ஊசியையும் யானையையும் எழுதி முடித்த பிறகும் எழுந்து போகாமல், வானத்திலிருந்து விழுகிற பனியும் என்றாவது ஓர் எல்லையைத் தாண்டும் என்று யோசித்து, அதற்கும் ஓரிடம் போட்டு வைத்திருந்தார்கள். திருஞானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இருபத்தாறு வருட வேலையில் அந்தப் புத்தகத்தின்மேல் அவருக்கு இவ்வளவு மரியாதை வந்ததில்லை.

அவர் தாள் எழுதி முடிப்பதற்குள் பூங்கனி பாக்ஸை எட்டிப் பார்த்தாள்.

“சார், தண்ணியாப் போச்சு.”

“கவலை இல்லை. தண்ணீரும் அதே தலைப்புதான். தாளை மாற்ற வேண்டியதில்லை.”

மதிப்பு ஒரு ரூபாய்க்கும் கீழே இருந்ததால் வரி இல்லை. “தண்ணிய வச்சு நான் என்ன செய்யட்டும்?” என்று சுயம்பு கத்தினாலும், இறக்குமதி என்று முத்திரை குத்திய அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவைத்தார். ஆனால் பெரிய இறக்குமதி ஒன்று தாள் இல்லாமலே நடந்துகொண்டிருந்தது. பகலில் கரைந்த பனி சிவப்பு மணலுக்குள் இறங்கி, சுவரின் அஸ்திவாரத்துக்கும் கீழே போய், மேற்கே ஊர்க்கிணற்றில் ஒன்றரை முழம் ஏறியிருந்தது. செய்தி கேட்டுத் திருஞானம் புத்தகத்தோடு போய்க் கிணற்றடியில் நின்றார். விதி வாசலைப் பற்றித்தான் பேசுகிறது, வாசலுக்கு அடியில் இருப்பதைப் பற்றிப் பேசவில்லை என்று கண்டு, புத்தகத்தை மூடி, ஒரு வாளி இறைத்துக் குடித்துவிட்டு வந்தார்.

தையல்கூடத்தில் நிலைமை வேறு. பனி வந்த இரண்டாம் நாளே பெண்களின் விரல்கள் விறைத்து ஊசி பிடிக்க முடியாமல் போனதால், நாச்சிமுத்து திரும்பி வந்த பெட்டிகளை உடைத்து ஆளுக்கொரு கோட்டுக் கொடுத்தார். உள்ளே உடுத்தலாம், வாசலில் கழற்றிவிட வேண்டும் என்றார் திருஞானம். வாசலின் உள்பக்கச் சுவரில் இருநூற்றெண்பது கொக்கிகள் அடித்தார்கள். வடிவு தவிர மற்றவர்கள் தாங்கள் தைத்ததைத் தாங்களே போட்டது அப்போதுதான் முதல் தடவை.

போட்டவுடன் புகார் தொடங்கியது. வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே நானூறு அடி நடப்பதற்குள் பித்தான் கழன்றால், விறைத்த விரலால் அந்தச் சின்னப் பித்தானைப் பிடிக்க முடியவில்லை. கோட்டின் பை விலாவுக்கு அருகே இருந்தது. நடக்கிற ஆள் கையை அவ்வளவு மேலே தூக்கி நுழைக்க முடியாது. கோட்டின் கை மணிக்கட்டோடு நின்றது. “உப்பளத்துல கையச் சுருட்டிவிட்டே பழகியாச்சு, அதான் நீளமா வைக்கத் தோணல” என்றாள் கை தைத்தவள். “உக்காந்து தைக்கும்போது பை அங்கனதான் வசதியா இருந்துச்சு” என்றாள் பை வைத்தவள். வடிவு ஒவ்வொன்றையும் வெட்டுத்தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். பத்து நாளில் நாற்பது குறைகள் சேர்ந்தன. ஆனாலும் அவளுக்குத் தெரிந்தது, கடிதம் சொன்ன குளிர் இது எதுவும் இல்லை என்று. தினமும் நடக்கும்போது பிடரியில் யாரோ ஒரு செம்பு தண்ணீரை மெதுவாக ஊற்றுவதுபோல ஒரு குளிர் முதுகுத்தண்டு வழியே இறங்கியது. வடிவின் கழுத்தைவிட மற்றவர்கள் கழுத்தில் இன்னும் அதிகமாக இறங்கியது.

பதினோராம் நாள் வடக்குக் காற்று வீசியது. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் ஜெபக்கனி முன்னால் நடந்தாள். அவளுக்கு டைபாய்டு வந்து முடி கொட்டியதால் குட்டையாக வெட்டியிருந்தது. அவள் தலையை மூடியிருந்த கோட்டுத் தொப்பி பின்னால் காற்றில் உப்பி, ஒரு சட்டியைப்போலப் பனியை வாங்கி நிரப்பிக்கொண்டே போனதை வடிவு பார்த்தாள். கூடத்தின் படியில் ஜெபக்கனி தொப்பியைப் பின்னால் இழுத்ததும் அவ்வளவும் அவள் முதுகுக்குள் சரிந்தது.

“யம்மா!” என்று துள்ளினாள்.

வடிவு அவளைப் பிடித்து நிறுத்தி, தொப்பியின் பின்பக்கத்து வெற்றிடத்தில் கையை விட்டாள். அந்த அளவு அவள் கைக்குத் தெரிந்த அளவு. ஒரு கொண்டை, அதைச் சுற்றி இரண்டு முழம் கனகாம்பரம். மாதிரிக் கோட்டைப் போட்டுப் பார்த்த அன்று தொப்பி பூவை நசுக்கியது. தாளில் இருக்கிற அளவில் ஏதோ தவறு என்று நினைத்து, பின்னால் இரண்டரை அங்குலம் கூட்டி வெட்டச் சொன்னது அவள்தான். மூவாயிரம் தலைக்கும் பூ வைத்துத் தைத்திருந்தாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் அவள் உட்காரவில்லை. எல்லோரும் தட்டில் கை வைத்தபோது எழுந்து நின்று சொன்னாள்.

“குளிரு வந்த வழி தெரிஞ்சு போச்சு. நான் வச்ச வழிதான். கொண்டைக்கு எடம் விட்டேன். மூவாயிரமும் திரும்பி வந்தது என்னாலதான்.”

பூங்கனிதான் முதலில் கேட்டாள்:

“அப்போ அந்த ஊரு பொம்பளைக பூவே வைக்க மாட்டாவளா?”

“எங்கட்டி வைக்காவ.”

“ஒரு நல்ல நாளு பொழுதுக்குக் கூடவா?”

“பனிக்குள்ள பூ எங்கன பூக்கும்?”

“பாவம்” என்றாள் பூங்கனி மனமார. யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள், வடிவு மட்டும் நின்றபடி நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“அந்த மாதிரிக்குக் கையெழுத்துப் போட்டது நானுங்க அம்மணி. எம்பட சம்சாரமும் பூ வெக்கிறவதானுங்க, எனக்கும் வித்தியாசமாத் தெரியலீங்க” என்றார். பிறகு, “உக்காருங்க. சோறு ஆறுது. இன்னும் இருபத்தெட்டு நாளு இருக்குதுங்க” என்றார்.

அந்த இருபத்தெட்டு நாளும் முள்ளன்விளையில் தையல் வேறு மாதிரி நடந்தது. காலையில் வெட்டினார்கள், மதியத்துக்குள் தைத்தார்கள், சாப்பிட்டதும் ஒருத்தி அதைப் போட்டுக்கொண்டு காற்றுக்கு எதிரே நின்றாள், மற்றவர்கள் சன்னலோரம் நின்று அவள் முகத்தைப் பார்த்தார்கள். எங்கே முகம் சுளித்தாளோ அங்கே மறுநாள் பிரித்துத் தைத்தார்கள். பித்தான்கள் போய், கையுறையோடு பிடிக்கக்கூடிய விரல்நீள மரக்கட்டைகள் வந்தன. தொப்பி சுருங்கி, பிடரியில் ஒரு நாடா வந்தது. கை நீண்டது, காற்றில் அது மேலேறாமல் இருக்க, ஓரத்தில் கட்டைவிரல் நுழைகிற ஒரு சின்ன ஓட்டையை ஜெபக்கனி போட்டாள். முப்பத்தாறாம் நாள் வடிவு கடைசி மாதிரியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாள். பனி அவள்மேல் விழுந்து விழுந்து அவளை ஒரு உப்புக் குவியல்போல ஆக்கியது. உதறிவிட்டு உள்ளே வந்தவள், “எனக்கு வேர்க்கு” என்றாள்.

முப்பத்தேழாம் நாள் மத்தியானம் பனி நின்றது.

ஆய்வாளர் வர இரண்டு நாள் இருந்தது. அவரைப் பனியில் நிறுத்தி, போட்டுப் பாருங்கள் என்று சொல்வதாகத்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மாலைக்குள் முற்றம் சிவந்து, மறுநாள் காலையில் மணல் பறக்கத் தொடங்கிவிட்டது.

“இன்னும் ரெண்டே நாளு பெஞ்சா என்ன கொறஞ்சு போயிரும்?” என்று பூங்கனி வானத்தைப் பார்த்துத் திட்டினாள். வடிவு திருஞானத்திடம் போய், பலகை வெளுத்துவிட்டதோ என்னவோ, இன்னொரு பூச்சு பெயிண்ட் அடித்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் தானே தூரிகை பிடித்து எழுத்தெழுத்தாக அடித்தார். பெயிண்ட் பளபளவென்று காய்ந்தது. வெயில் முப்பத்தொன்பதுக்கு ஏறியது.

வந்தவர் ஹெல்மி என்கிற பெண்மணி. அறுபது வயது, நெடிய உருவம், முகம் வெயிலில் சிவந்திருந்தது. நாச்சிமுத்துவுக்கு அவருடைய பேச்சு பிடிபடாததால் திருஞானம் மொழிபெயர்க்க வந்தார். ஒரு சொல்லையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஹெல்மி பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து மேசைமேல் வைத்தார். அதைத் தொடாமல் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். இருநூற்றெண்பது பேரும் எந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். அவர் கையை நுழைத்தபோது கட்டைவிரல் தானாகவே அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து வெளியே வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொப்பியைப் போட்டு நாடாவை இழுத்து, பிடரியைச் சுற்றி ஒரு விரலை நிதானமாக ஓட்டினார். பையிலிருந்து தடித்த கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டு, மரக்கட்டைகளைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பூட்டினார், ஒன்றும் நழுவவில்லை. கடைசியில் உள்பக்கம், இடது நெஞ்சுக்கு நேரே, குறுகலாக நீளமாக ஒரு பை இருப்பதைக் கண்டு நின்றார்.

“இது எதற்கு என்று கேட்கிறார்” என்றார் திருஞானம்.

“சுக்குக்காப்பி பாட்டில் வைக்க” என்றாள் வடிவு. “வெளிய வச்சா ஆறிப்போயிரும். நெஞ்சோட வச்சா நமக்கும் சூடு, அதுக்கும் சூடு.”

ஹெல்மி அதைக் கேட்டு, கையுறையைக் கழற்றிவிட்டுத் தன் கைப்பேசியை எடுத்து அந்தப் பைக்குள் இறக்கினார். எங்கள் ஊரில் வெளிப்பையில் வைத்தால் குளிரில் அது செத்துப்போகும், பல வருடமாக இந்த இடத்தில் ஒரு பை வைக்கச் சொல்லி எல்லா நாட்டுத் தையற்கூடங்களிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார். பிறகு வடிவை நேராகப் பார்த்தார்.

“குளிரில் நின்றவர்தான் இதைத் தைத்திருக்க முடியும். எந்த நாட்டில் நின்றீர்கள் என்று கேட்கிறார்” என்றார் திருஞானம்.

“இந்த ஊர்லதான். வாசலுக்கும் கேண்டீனுக்கும் நடுவுல. முப்பத்தேழு நாள்.”

திருஞானம் அப்படியே மொழிபெயர்த்தார். ஹெல்மி சன்னல் பக்கம் திரும்பினார். வெளியே சிவப்பு மணல் அனலில் நெளிந்துகொண்டிருந்தது. பனியைப் பற்றிப் பொய் சொல்கிறவர்களை அவர் ஊரில் பார்த்ததில்லை. கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து, நெற்றியில் வேர்வை வழிய வழிய, தாளை நிரப்பிக் கையெழுத்துப் போட்டார்.

“எத்தனைங்க?” என்றார் நாச்சிமுத்து மெதுவாக.

“ஒன்பதாயிரம்” என்றார் திருஞானம்.

யாரும் கை தட்டவில்லை. பின்வரிசையிலிருந்து பித்தான் பிரிவுக்காரி அலறினாள்: “ஒம்பதாயிரமா! யக்கா, மரக்கட்டை இருபதாயிரம்தான் இருக்கு, ரெண்டாயிரம் கோட்டுக்கு மேல காணாது!” உடனே ஆளுக்கொரு கணக்குச் சொல்ல, கூடம் சந்தைபோல ஆகிவிட்டது. வடிவு சுவரோரம் இருந்த துணிக் கட்டின்மேல் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். பிறகு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த கட்டையே பிரித்து வெட்டுமேசையில் விரித்தாள்.

இரண்டு வாரம் கழித்துக் குடைக் கம்பெனிக்காரர் வந்தார். அதுவரை தூரத்தில் நின்று பார்த்தவர், இப்போது கார் வைத்துக்கொண்டு வந்து, வாசலில் இறங்கி, நிலத்தை ஏற இறங்கப் பார்த்தார். கட்டடம் கட்ட வேண்டுமே என்ற கவலையில் திருஞானத்திடம் கேட்டார்:

“சார், இங்கே மழை எல்லாம் எப்படி?”

திருஞானம் சற்று யோசித்தார். தெரியாததைச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

“நீங்கள் எந்த நாட்டுக்குக் குடை அனுப்பப்போகிறீர்கள்?” என்று கேட்டார்.

“இன்னும் முடிவாகவில்லை. நாலைந்து நாடுகள் பேச்சில் இருக்கின்றன.”

டீக்கடையில் பால் ஆற்றிக்கொண்டிருந்த சுயம்பு, ஆற்றுகிற கையை நடுவானத்தில் நிறுத்தி, ஊர்க்கிணறு இருக்கிற மேற்குப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, தேரி முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினார்:

“அண்ணாச்சி! நல்லா மழை பெய்யுத நாடாப் பாத்து முடிவு பண்ணுங்க!”